சோலைமலையில் ஒரு மார்கழிப் பொழுது

சித்திரை மாதத்தில் கள்ளழகர் நம்மைத் தேடி மலையடிவாரத்திலிருந்து மதுரைக்கு எழுந்தருளுகிறார். வழியெங்கும் மண்டகப்படி கண்டு, வைகையில் இறங்கி, லட்சக்கணக்கான மக்களுக்குக் காட்சி தந்து மலைக்குத் திரும்புகிறார். அவர் நம்மைத் தேடி வரும் மாதம் சித்திரை என்றால், நாம் அவரைத் தேடிச் செல்ல உகந்த மாதம் மார்கழி என்பது அடியேனின் நெடுநாள் எண்ணம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மலை முழுவதும் பசுமை போர்த்தி நிற்கும் காலம் அது. வெயிலின் கடுமை இல்லை. மதுரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலேயே இப்படியொரு வனம் இருப்பதை நகரத்தில் வாழும் நம்மில் பலர் மறந்தே போகிறோம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள், பேரனையும் நெடுநாள் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அழகர்கோவிலுக்குப் புறப்பட்டேன். நண்பர் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர். எனக்கு வயது 72. முழங்கால்கள் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஆயினும் மலைப்பாதையில் ஒருமுறையாவது நடந்தே ஏறிவிட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. கையில் ஊன்றுகோல், தோளில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு படி பொரிகடலை.

அந்தப் பொரிகடலைக்கு ஒரு கதை உண்டு. சிறுவனாக இருந்தபோது என் தாயார் என்னை முதன்முதலில் இம்மலைக்கு அழைத்து வந்தார். அன்று என் இரு கைகளையும் குவிக்கச் சொல்லிப் பொரியை நிரப்பி, "வாயில்லாச் சீவன்களுக்குப் போடு. அழகர் சந்தோஷப்படுவார்" என்றார். குரங்குகள் வந்து என் கையிலிருந்தே எடுத்துத் தின்ற அந்தக் கூச்சம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அன்று தொடங்கிய வழக்கத்தை, தாயார் காலமான பின்னும், நான் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. மலைக்குச் செல்வது என்றால் பொரி வாங்குவது என்றே என் மனத்தில் பதிந்துவிட்டது.

அடிவாரத்தில் பதினெட்டாம்படிக் கருப்பரை வணங்கினோம். அங்கே உருவம் இல்லை. சந்தனம் சார்த்திய பெருங்கதவே தெய்வம். பின்னர் உள்ளே சென்று சுந்தரராஜப் பெருமாளையும் சுந்தரவல்லித் தாயாரையும் சேவித்தோம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்துக்குத் திருமாலிருஞ்சோலை என்பது ஆழ்வார்கள் வழங்கிய பெயர். சற்று மேலே முருகப்பெருமான் உறையும் ஆறாம் படைவீட்டுக்குப் பழமுதிர்சோலை என்று பெயர். இரு பெயர்களிலும் சோலை இருப்பதைக் கவனியுங்கள். கோபுரத்தையோ மதிலையோ கொண்டு நம் முன்னோர் இத்தலங்களுக்குப் பெயரிடவில்லை. மரங்களைக் கொண்டே பெயரிட்டார்கள்.

கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நன்றாக விடிந்த பிறகே ஏறத் தொடங்கினோம். பனி இன்னும் கலையவில்லை. வழியின் இருபுறமும் உசிலையும் வெட்பாலையும் நாவலும் ஈரம் சொட்ட நின்றன. எங்கோ புதருக்குள் ஒரு செம்போத்து விட்டு விட்டுக் குரல் கொடுத்தது. பேரன் முன்னே ஓடுவான். பிறகு எங்களுக்காகக் காத்து நிற்பான். நூறு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியதில் எனக்கு நன்மையே விளைந்தது. வாகனத்தில் ஏறிய ஆண்டுகளில் கண்ணில் படாத பலவற்றை, நின்ற இடங்களில் எல்லாம் கண்டேன். பாறை இடுக்கில் கசியும் நீர், அதன் மேல் படர்ந்த பாசி, மண்ணை மூடிக் கிடக்கும் பழுத்த இலைகளின் மெத்தை.

பாதி வழியில் ஒரு திருப்பத்தில் குரங்குகள் எதிர்ப்பட்டன. நான் வழக்கம்போல் பையை அவிழ்த்தேன். அருகில் நெல்லிக்காயும் மருந்து வேர்களும் கூறு கட்டி வைத்து அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "அய்யா, போடாதீக" என்றார்.

எனக்குச் சற்றே கோபம் வந்தது. "ஏன் ஆத்தா? புண்ணியம்தானே?" என்று கேட்டேன்.

"காட்டுக்குள்ள பழம் தின்னுக்கிட்டுத் திரிஞ்சதுக. நீங்க எல்லாரும் போட்டுப் போட்டு ரோட்டுல கொண்டாந்து உக்கார வச்சுட்டீக. போன மாசம் ஒரு தாய்க்குரங்கு வண்டியில அடிபட்டுப் போச்சு. குட்டி ரெண்டு நாளா அந்த மேட்டுலயே கெடந்து கத்துச்சு. நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவிழ்த்த பையை அப்படியே பிடித்தபடி நின்றேன். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நான் செய்துவந்தது புண்ணியமா, பாவமா என்ற கேள்வி அந்தத் திருப்பத்தில் என்னை நிறுத்திவிட்டது. பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்பர் என்னை ஒரு பாறையில் அமர வைத்தார். "அந்த அம்மாள் சொன்னது முழுக்க உண்மை. இன்னும் ஒன்று இருக்கிறது" என்று தொடங்கி, ஓர் ஆசிரியருக்கே உரிய பொறுமையுடன் விளக்கினார். நம் நாட்டுக்குரங்குகளுக்குக் கன்னத்தின் உட்புறம் பை உண்டு. காட்டுப் பழங்களை அதில் அடக்கிக்கொண்டு வேறோர் இடத்துக்குச் சென்று, சதையைத் தின்று கொட்டைகளைத் துப்பும். தாய்மரத்தின் நிழலிலேயே விழும் விதை பெரும்பாலும் தழைப்பதில்லை. தள்ளிப் போய் விழும் விதைக்கே வாழ்வு. அந்த வகையில் குரங்கும் பறவையும் இந்தச் சோலையின் உழவர்கள். அவற்றைப் பொரிக்கும் பிஸ்கட்டுக்கும் பழக்கிச் சாலையோரத்தில் அமர்த்திவிட்டால், காட்டுக்குள் விதைப்பவர் குறைந்துபோவார்கள். கையில் உணவு கண்டால் பாய்ந்து பறிக்கும் குணமும் நாம் கற்றுக் கொடுத்ததே.

நாங்கள் மெல்ல எழுந்து நடந்தோம். பொரிப்பையை மடித்து, பேரனின் முதுகுப்பைக்குள் யார் கண்ணிலும் படாதபடி வைத்தோம். பழமுதிர்சோலையில் முருகனைத் தரிசித்தோம். ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று சிறுவன் வடிவில் முருகன் கேட்டதாக வழங்கும் கதை இத்தலத்துக்கு உரியது. கற்றோர்க்கெல்லாம் தலைவியான அந்த மூதாட்டிக்கே ஒரு நாவல் மரத்தடியில் புதிய பாடம் கிடைத்தது என்றால், எனக்கு ஒரு நெல்லிக்காய்க் கூறின் அருகே பாடம் கிடைத்ததில் வியப்பில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அதற்கும் மேலே ராக்காயி அம்மன் சந்நிதியும் நூபுர கங்கையும். திரிவிக்கிரமனாய் எம்பெருமான் உலகளந்தபோது உயர்ந்த திருவடியின் சிலம்பில் பட்டுத் தெறித்த நீரே இத்தீர்த்தம் என்பது தலபுராணம். நூபுரம் என்றால் சிலம்பு. ஆகவே சிலம்பாறு என்றும் பெயர். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலேயே இம்மலையும் சிலம்பாறும் பேசப்படுகின்றன. உற்சவர் அழகருக்கு இந்த நீரில் மட்டுமே திருமஞ்சனம். வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. ஐப்பசியில் தைலக்காப்பு உற்சவத்தின்போது பெருமாளே இங்கே எழுந்தருளி நீராடுகிறார்.

குளிர்ந்த அந்த நீரைத் தலையில் வார்த்துக்கொண்டபோது, நண்பர் சொன்னதன் மறுபாதி எனக்குத் தானே விளங்கியது. மலையுச்சியில் இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையை மரங்களின் வேர்களும் இலை மக்கிய மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன. சோலை இல்லையேல் மழை பெய்த அன்றே ஓடி மறைந்துவிடும். விதைப்பவர் இருந்தால் மரம். மரம் இருந்தால் மண்ணில் ஈரம். ஈரம் இருந்தால் ஊற்று. ஊற்று இருந்தால் அழகருக்குத் திருமஞ்சனம். அந்தத் திருமஞ்சனத்துக்கான கைங்கரியத்தை யாரும் கேளாமலே செய்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தை, ஒரு பிடி பொரியைக் காட்டி நான் வேலையிலிருந்து அழைத்திருக்கிறேன்.

நம் சாஸ்திரங்கள் உயிர்களுக்கு உணவிடச் சொல்லவில்லையா என்று சிலர் கேட்கலாம். சொல்லியிருக்கின்றன. காகத்துக்குச் சோறு வைக்கிறோம். பசுவுக்கு ஒரு பிடி புல் கொடுக்கிறோம். அவை நம்மோடு, நம் வாசலில் வாழ்பவை. அவற்றைப் பேணுவது நம் கடமை. வனத்தில் வாழ்பவற்றுக்கு உணவிடுபவன் சோலைக்கு உரியவன். அவன் விரித்த இலையில் நாம் பரிமாறப் புகுந்தால் அது பணிவாகாது.

மதுரைக்காரர்கள் இம்மலைக்குக் கொடுக்கும் கையோடு வருவது நேற்றுத் தொடங்கிய வழக்கமும் அன்று. இதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிக்கு அருகே இயற்கையான குகைத்தளம் ஒன்று உண்டு. அங்குள்ள 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில், மதுரையைச் சேர்ந்த பொன் வணிகர், உப்பு வணிகர் முதலியோரின் பெயர்கள் கொடையாளர்களாகக் காணப்படுகின்றன. துறவியர் தங்கிய அந்தத் தளத்தில் கல்லிலேயே படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. பெறுபவருக்கு எது தேவை என்று அறிந்து கொடுத்தவர்கள் அவர்கள்.

இறங்கும்போது மனத்தில் ஓர் உறுத்தல் மட்டும் மிச்சமிருந்தது. தாயார் காட்டிய வழக்கத்தை நான் முறித்துவிட்டேனோ? அப்போது உடையவரின் நினைவு வந்தது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பெரும் பாத்திரங்களில் வெண்ணெயும், நூறு பாத்திரங்களில் அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நாச்சியார் தம் பாசுரத்தில் நேர்ந்துகொண்டாள். நூற்றாண்டுகள் கழித்து ஸ்ரீ ராமானுஜர் இங்கே வந்து அதை நிறைவேற்றினார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரை "அண்ணா" என்று அழைத்ததாகப் பெரியோர் சொல்வர். முன்னோர் மனத்தில் இருந்ததைக் கண்டு நிறைவேற்றுவதே பின்வந்தவர் கடமை. என் தாயாரின் மனத்தில் இருந்தது பொரி அன்று. அந்த உயிர்கள் நன்றாக வாழ வேண்டும் என்ற கனிவு. வண்டிகள் மிகுந்துவிட்ட இந்நாளில், கையை மடக்கிக்கொள்வதே அந்தக் கனிவை நிறைவேற்றும் வழி. அவர் இன்று இருந்து, அந்தக் குட்டி கிடந்து கத்தியதைக் கேட்டிருந்தால், என்னை முந்திக்கொண்டு பையை மூடியிருப்பார்.

திருப்பத்தில் அந்த மூதாட்டி இன்னும் அமர்ந்திருந்தார். இரண்டு கூறு நெல்லிக்காய் வாங்கிக்கொண்டேன். "போட்டீகளா?" என்று கேட்டார். "இல்லை ஆத்தா" என்றேன். தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, சில்லறையை எண்ணத் தொடங்கினார்.

இந்த மார்கழியிலோ தையிலோ சோலைமலைக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். விடிந்த பிறகு ஏறுங்கள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். தனியே செல்ல வேண்டாம். இதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்க இயலாதவர்கள் வாகனத்தில் செல்வதில் ஒரு குறையும் இல்லை; வழியில் வேகம் வேண்டாம் என்று ஓட்டுநரிடம் மட்டும் சொல்லுங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். தண்ணீர்ப் புட்டி முதல் கற்பூரம் சுற்றிய காகிதம் வரை, கொண்டுசென்ற அனைத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கீழே அழகரின் பிரசாதமான தோசையை வாங்கிக் கோவிலுக்குள்ளேயே அமர்ந்து உண்ணுங்கள்.

வீடு திரும்பியதும் பேரன் தன் பையிலிருந்து பொரிகடலையை எடுத்து, "தாத்தா, இதை என்ன செய்வது?" என்று கேட்டான். அவன் பாட்டி அதில் வெல்லப்பாகு சேர்த்து உருண்டை பிடித்தாள். அழகர் படத்தின் முன் நைவேத்தியம் செய்துவிட்டு, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைத்துக் கொடுத்தோம். இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொண்டார்கள்.