விமானியும் வயிற்றுப்பாடும்

நமது கல்லூரியின் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் வருங்காலத்தில் யாது ஆக விரும்புகின்றீர் என வினவினால், வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் வழமையான விடைகளுக்கிடையே விமானி என்னும் விடையும் தப்பாது வந்து சேரும். அப்பிள்ளையின் மனக்கண்முன் தோன்றுவன தோளிற் பொன்வரியிட்ட வெண்சட்டை, பல நாட்டுப் பயணம், பெருஞ்சம்பளம் ஆகிய மூன்றுமாம். முன்னிரண்டையும் பற்றி யாம் யாதுங் கூற வந்திலோம். மூன்றாவதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நெடுங்காலம் பணிபுரிந்த தலைமை விமானி வசதியாக வாழ்கின்றார் என்பது மெய்யே. ஆயின் அந்நிலையை எய்துமுன் அவர் எங்கே உறங்கினார், எதனை உண்டார், எவருக்குக் கடன்பட்டார் என்பதை எடுத்துரைப்பார் அரியர்.

இதனை அறிதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அநுபவமே தக்க சான்று. அங்கு விமானப் போக்குவரத்து மிகப் பெரிது. விபத்து விசாரணைகளும் சம்பள விவரங்களும் பகிரங்கமாக வெளிவருவன. 1978 ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் விமானக் கட்டணத்தை அரசாங்கச் சபையொன்றே நிர்ணயித்து வந்தது. அவ்வாண்டுச் சட்டத்தால் அக்கட்டுப்பாடு நீங்கியபின் போட்டி மிகுந்தது. பெரிய நிறுவனங்கள் சிறு நகரங்களுக்கான பறப்புகளைப் பிராந்திய நிறுவனங்களிடம் ஒப்பந்தத்துக்கு விடலாயின. பயணச்சீட்டிலும் விமானத்தின் மேனியிலும் பெரிய நிறுவனத்தின் பெயர். உள்ளேயிருந்து ஓட்டுபவரோ சிறு நிறுவனத்தின் ஊழியர். இளம் விமானிகள் தொழிலிற் புகும் வாயில் பெரும்பாலும் இதுவேயாயிற்று.

அங்கே சம்பளம் மணிக்கணக்கிற்கு உரியது. அம்மணியாவது யாது? விமானம் தரிப்பிடத்தை விட்டு அசையும்போது தொடங்குவது. சேருமிடத்தில் நிற்கும்போது முடிவது. வானிலை அறிக்கையை ஆராய்தல், விமானத்தைச் சுற்றிவந்து சோதித்தல், பிந்தி வரும் விமானத்துக்காக நிலையத்திற் காத்துக் கிடத்தல் முதலியன பெரும்பாலும் கணக்கிற் சேரா. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இத்தகைய நிறுவனத்தில் முதலாண்டுத் துணை விமானி பெற்றது மணிக்கு ஏறத்தாழ 20 டொலர். மாதம் 75 மணி எனக் கொண்டால் ஆண்டு வருவாய் 18,000 டொலர். இதனை ரூபாயிற் பெருக்கிப் பார்த்து நம்மவர் வியத்தல் கூடும். அங்கே செலவும் டொலரிலேயே என்பதை மறத்தலாகாது. மேலதிக நேரம் உழைத்துப் பெருக்கிக்கொள்வோமெனின் அதற்கும் வழியில்லை. ஓராண்டில் 1,000 மணிக்கு மேற் பறத்தல் சட்டவிரோதம். இவ்வருவாயிலிருந்தே பயிற்சிக்குப் பட்ட பல்லாயிரம் டொலர்க் கடனையும் இறுக்க வேண்டும். ஆகவே பலர் தாம் பணிபுரியும் நகரிற் குடியிருக்க இயலாது தொலைவிலுள்ள பெற்றோர் வீட்டில் வாழ்ந்து, வேறு விமானங்களில் ஏறி வேலைக்கு வந்தனர். சிலர் அறையொன்றிற் பலராய்க் கட்டில்களைப் பங்கிட்டு உறங்கினர்.

2009 ஆம் ஆண்டிலே இருபத்தெட்டு நாள் இடைவெளியில் இரு சம்பவங்கள் நிகழ்ந்தன. ஜனவரி 15 ஆந் திகதி கப்டன் சலன்பேகர், பறவைகள் மோதி இயந்திரங்கள் செயலிழந்த விமானத்தை நியூயோர்க் நகரின் அட்சன் ஆற்றில் இறக்கி 155 உயிர்களைக் காத்தார். பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, கொல்கன் எயார் நிறுவனத்தின் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். அதன் துணை விமானி இருபத்து நான்கு வயதுப் பெண். சியாற்றிலுக்கு அண்மையிலுள்ள பெற்றோர் வீட்டிலிருந்து நாட்டின் மறுகரையிலுள்ள நியூவார்க்குக்கு, இராமுழுதும் சரக்கு விமானத்தில் ஏறி வந்தவர். தடிமனும் கண்டிருந்தது. சுகவீனம் என அறிவித்தால் விடுதிச் செலவைத் தாமே ஏற்க நேரும் என்று அவர் பேசியது விமானத்தின் ஒலிப்பதிவில் இருந்தது. அவர் ஆண்டொன்றுக்குப் பெற்றது ஏறத்தாழ 16,000 டொலர் என விசாரணையிற் கூறப்பட்டபோது நாடே திகைத்தது.

நீதி தவறாது சொல்ல வேண்டும். விபத்துக்குக் காரணம் குறைந்த சம்பளம் என விசாரணைச் சபை தீர்க்கவில்லை. விமானம் வேகங் குன்றியபோது எழுந்த எச்சரிக்கைக்குத் தலைமை விமானி முரணாகச் செயற்பட்டதே காரணமெனக் கண்டது. இருவரும் களைத்திருத்தல் கூடும், அதன் பங்கு எவ்வளவென அறுதியிட்டுரைக்க இயலாது என்றும் அது கூறிற்று. எனினும் வாடகை கொடுக்க வழியின்றிக் கண்டத்தின் மறுபுறத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவரிடம் நன்றாக உறங்கிவிட்டு வருக என விதி எழுதிப் பயன் என்ன? அதே மாதத்திற் பாராளுமன்றக் குழுவின்முன் தோன்றிய சலன்பேகரும், தமது சம்பளம் நாற்பது வீதம் குறைக்கப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துக் கூறினார். நாடு முழுதும் கொண்டாடிய வீரரின் நிலை அதுவாயின், கடைநிலை விமானியின் நிலையை உரைக்கவும் வேண்டுமோ?

இது தொழில் பழகுங் காலம், பின்னர் ஈடாகும் என்பர் சிலர். பழகுநனுக்குக் குறைந்த கூலி என்பது தச்சுப்பட்டறைக்குப் பொருந்தலாம். துணை விமானியோ பயணிகள் நிறைந்த விமானத்தைத் தாமே ஏற்றி இறக்குபவர்; பயணியும் அவருக்கெனக் கட்டணத்திற் கழிவு பெற்றவரல்லர். பின்னர் ஈடாகும் என்பதும் உறுதியன்று. அமெரிக்க நிறுவனங்களில் யாவும் சேவை மூப்பின்படியே. நிறுவனம் முறிந்தால், இருபதாண்டு அநுபவமுடையவரும் புதிய இடத்தில் அடிமட்டச் சம்பளத்திலேயே தொடங்குவார்.

பஃபலோவில் மாண்டவர்களின் குடும்பத்தார் விடாது முயன்றதன் பயனாக 2010 இற் சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும், சில விலக்குகள் நீங்கலாக, 1,500 மணிப் பறப்பு வேண்டப்பட்டது. 2014 முதல் பயணிகள் விமானங்களின் விமானிகளுக்குப் பத்து மணி ஓய்வு விதிக்கப்பட்டது. (சரக்கு விமானிகள் ஏனோ விடுபட்டனர்; அவர்க்கு உறக்கம் வேண்டாம் போலும்.) விமானிகள் அரியராயினர். 2022 இன் நடுப்பகுதியில் அமெரிக்கன் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்கள் புதிய துணை விமானியின் சம்பளத்தை மணிக்கு 90 டொலராக உயர்த்தின. சில சிறு நகரங்கள் பறப்புகளை இழந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இதற்குமேற் கொடுத்தால் தொழிலே படுத்துவிடும் என்று முன்னர் ஓதப்பட்ட வாதம் எங்கே போயிற்று? கொடுக்க இயலாமை அன்று. கொடாமலே ஆள் கிடைத்தமையே காரணம் என்பது எமது கருத்து.

துன்பம் முற்றாக நீங்கிற்று என்றெண்ணற்க. அது வேறிடத்துக்குப் பெயர்ந்தது. 1,500 மணியை எட்டுமளவும் இளைஞர் பலர் பறப்புப் பள்ளிகளிற் சிறு கூலிக்குக் கற்பித்துக் காலங்கழிக்கின்றனர். ஐரோப்பாவிலோ, பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தில் அநுபவம் பெறுதற்கு இளம் விமானியே நிறுவனத்துக்குப் பணங்கொடுத்த வழக்கமும் இருந்தது.

1947 டிசெம்பரில் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலந்தொட்டே நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வருகின்றனர். அவர் ஆசையைத் தடுத்தல் எமது நோக்கமன்று. ஆனால் காணியை ஈடுவைத்தும் நகையை அடைவுவைத்தும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணத்தை மட்டும் விசாரித்து அமைதல் போதாது. இருநூறு மணியளவிற் கிடைக்கும் வணிக விமானி அனுமதிப்பத்திரத்தோடு வேலை தருவார் யார்? குறித்த வகை விமானத்துக்கான மேற்பயிற்சிச் செலவு யாருடையது? முதல் மூன்றாண்டு வருவாய் கடனின் வட்டிக்கேனும் போதுமா? இவற்றைப் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத்திற் காண இயலாது. தொழிலிலுள்ள பழைய மாணவர் எவரேனும் சங்கத்தின் வாயிலாக முன்வந்து, தமது முதலாண்டுச் சம்பளச் சீட்டை மறையாது காட்டுவாராயின் பெற்றோர்க்குப் பேருதவியாகும்.