528 ஹேர்ட்ஸும் பெரியம்மாவின் டீ.என்.ஏ.யும்

பெரியம்மாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம். போன மாசம் கிளினிக்குக்குப் போகவில்லை. ஏனென்று கேட்க, ஃபோனை நீட்டினார். யூடியூப்பில் நீலநிற இரட்டைச் சுருள் ஒன்று சுழல்கிறது. பின்னால் ஒரே சுருதியில் ஒரு ஒலி. 528 ஹேர்ட்ஸாம், டீ.என்.ஏ.யைத் திருத்துகிற அதிர்வாம்.

"டீ.என்.ஏ.க்குள்ள கரண்ட் ஓடுதாம் பிள்ளை. அதிர்வு சரியெண்டால் கரண்டும் சரியாம். விஞ்ஞானிகளே சொல்லியிருக்கினம்."

நான் கலைப்பீடம். ஓ.எல்.லோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடினவள். ஆனாலும் அந்த 'விஞ்ஞானிகளே' என்ற சொல் உறுத்தியது. அகராதியும் கையுமாக இரண்டு கிழமை வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம் கூடியதுதான் மிச்சம். அந்த வீடியோ வெறும் பொய் இல்லை. உண்மையான ஒரு ஆராய்ச்சியிலிருந்து 'கரண்ட்', 'அதிர்வு' என்ற இரண்டு சொல்லைக் களவெடுத்துச் செய்த பொய்.

டீ.என்.ஏ.யில் மின்னேற்றம் நகரும் என்பது உண்மை. ஏணிப்படி மாதிரி இருக்கிற அதன் மூலச்சோடிகள், காசுக் குற்றிகளை அடுக்கியதுபோல 0.34 நனோமீற்றர் இடைவெளியில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 36 பாகை திரும்பி நிற்கின்றன. அருகருகே உள்ளவற்றின் இலத்திரன் முகில்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் அந்த அடுக்கு வழியாக மின் போகலாம் என்று 1962இலேயே எலே, ஸ்பைவி என்ற இருவர் எழுதினார்கள். 1993இல் ஜக்குலின் பார்ட்டனின் குழு, டீ.என்.ஏ. வழியாக இலத்திரன் மிக வேகமாகத் தூரம் கடக்கிறது என்று அறிவிக்க, சண்டை தொடங்கியது. 1999இல் ஒரு குழு நன்றாகக் கடத்துகிறது என்றது. 2000இல் இன்னொரு குழு குறைகடத்தி என்றது. 2001இல் ஒரு குழு காவலி என்றது. அதே வருடம் வேறொரு குழு, கடுங்குளிரில் அதன் வழியே மீகடத்து மின்னோட்டமே போனது என்றது!

இதைச் சொன்னதும் என்னோடு படிக்கிற ஒருவன் சிரித்தான். "பாத்தியா, அவங்களுக்கே ஒற்றுமை இல்லை. விஞ்ஞானமும் ஒரு கதையாடல்தான்." எங்கட பீடத்தில் இப்படிச் சொன்னால் கெட்டிக்காரன் என்று பெயர் வரும். ஆனால் அந்தச் சண்டை எப்படித் தெளிந்தது என்று அவன் கேட்கவே இல்லை. எவ்வளவு நீளமான துண்டு, எந்த ஒழுங்கில் மூலங்கள், ஈரமா காய்ந்ததா, உலோகத்தோடு எப்படித் தொடுத்தார்கள் என்று ஒருவர் பரிசோதனையை மற்றவர் துருவிக் கேட்டார்கள். பேசல் நகரில் கீசேயின் குழு, இரண்டு குவானின்களுக்கு நடுவே அடினின்–தைமின் சோடிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தது. முதல் மூன்று சோடிவரை மின்னேற்றம் கடப்பது சடாரென்று குறைந்தது. அதற்குமேல் தூரம் கூடியும் பெரிதாகக் குறையவில்லை. கிட்டத்தில் ஒரே பாய்ச்சலாக ஊடுருவுகிறது. தூரத்தில் அடினின் அடினினாகத் துள்ளித் துள்ளிப் போகிறது. பலர் சொன்னது பாதி சரி, பாதி பிழை என்று அளந்தே கண்டுபிடித்தார்கள். 528 ஹேர்ட்ஸ்காரர் எந்த நாளாவது தன் கணக்குப் பிழைத்தது என்று சொல்லியிருக்கிறாரா?

இனி அதிர்வுக்கு வருவோம். டீ.என்.ஏ. சும்மா நிற்பதே இல்லை. உடம்பின் சூட்டிலேயே மூலங்கள் முறுகுகின்றன, சாய்கின்றன, விலகிச் சேர்கின்றன. சில அசைவுகள் ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் நடந்து முடியும். இந்த ஆட்டம் இலத்திரன் முகில்களின் பொருத்தத்தைக் குலைத்து நேரான பாய்ச்சலைக் கெடுக்கும். அதே ஆட்டம்தான், இரண்டு மூலங்கள் ஒரு கணம் சரியாகப் பொருந்த, மின்னேற்றம் துள்ளவும் வழிவிடும். ஆகவே 'நல்ல அதிர்வு' என்று தனியாக ஒன்றைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது.

வெளியிலிருந்து 528 ஹேர்ட்ஸ் ஒலி வந்தால்? தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் போகும். பிரித்துப் பாருங்கள், ஒரு அலையின் நீளம் 2.8 மீற்றர். பெரியம்மாவைவிட நீளம். டீ.என்.ஏ.யின் தடிப்போ 2 நனோமீற்றர். கடலலையில் வள்ளம் முழுசாக ஏறி இறங்குமே தவிர, வள்ளத்துக்குள் கிடக்கிற ஒரு ஆணி கழன்று வேறு இடத்தில் பூட்டுப்படாது. இந்தக் கணக்குக்கு ஓ.எல். கணிதமே போதும்.

விஞ்ஞானபீட நண்பர்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. "உது ஃபேக் எண்டு ஆருக்கும் தெரியும்" என்றார்கள். ஆருக்கு? பெரியம்மாவுக்குத் தெரியாதே. தமிழில் தேடினேன், எனக்கு முதலில் வந்து நின்றதெல்லாம் அந்த வீடியோவும் அதன் தம்பி தங்கைகளும்தான். இலத்திரன், காவலி, குறைகடத்தி என்று தமிழில் படித்துத்தான் நீங்கள் ஏ.எல். பாஸ் பண்ணினீர்கள். கம்பஸுக்குள் வந்ததும் அந்தச் சொற்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டீர்கள். விட்ட இடத்தில் கடை போட்டிருக்கிறான் ஒருவன். நாங்களும் திறமில்லை. படத்துக்கு ஆயிரம் சொல்லில் விமர்சனம் எழுதுகிற நாங்கள், ஒரு வீடியோ எங்கட சனத்தை கிளினிக்குக்குப் போகாமல் மறிக்கும்போது 'அது எங்கட துறை இல்லை' என்கிறோம்.

போன ஞாயிறு பெரியம்மாவுக்கு ஐந்து ரூபாய்க் குற்றிகளை அடுக்கி இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப கரண்ட் ஓடுறது உண்மைதானே?" என்றார்.

"ஓம் பெரியம்மா. ஆனா அந்த ஆய்வுகளில ஒண்டிலயும் சீனி வருத்தம் மாறும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அந்த ஒலியைக் கேட்டால் நித்திரை வருகிறதாம். கேட்கட்டும். வாற செவ்வாய் கிளினிக். நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.