ஊருக்கெல்லாம் ஒரே எண்ணெயா?

வத்திராயிருப்புக்காரி ஹாஸ்டலுக்கு வந்தா பெட்டியில என்ன இருக்கும்? செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய்தான். சுத்தி தென்னந்தோப்பு, வேற என்ன கொடுத்து விடுவாங்க!

எனக்கு வறண்ட சுருட்டை முடி. குளிக்கிறதுக்கு முந்தி தடவினா சிக்கு சுலபமா வரும். இதுக்கு ஆதாரமும் உண்டு. 2003-ல் வெளியான ரேலே, மோஹிலே ஆய்வில், முடி புரதம் இழப்பதைத் தேங்காய் எண்ணெய் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் குறைக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலம் சின்ன, நேரான சங்கிலி, முடிக்குள்ளேயே நுழைந்துவிடும்.

அதே எண்ணெயை ரூம்மேட் தலையில வச்சதுதான் என் தப்பு. அவளுக்கு எண்ணெய்ப்பசை மண்டை, பொடுகு வேற. "பொடுகா? எண்ணெய் வை"ன்னு அம்மாச்சி சொல்றதை அப்படியே சொன்னேன். ஒரே வாரத்துல அரிப்பு கூடிருச்சு. பொடுகுக்குக் காரணமான மலசேசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம்தான் சாப்பாடு. ராத்திரி முழுக்க விருந்து வச்சிருக்கோம்!

அதனால, முடி சுருட்டையா நீட்டமான்னு மட்டும் பாக்காதீங்க, மண்டைத்தோலையும் பாருங்க. இப்ப எல்லார் ரூம்லயும் ரோஸ்மேரி ஆயில் வேற. அதை நேரா ஊத்தினா எரியும். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ரெண்டு சொட்டு போதும்.

ரூம்மேட் இப்ப டாக்டர் சொன்ன கீட்டோகோனசோல் ஷாம்பு போடுறா. எண்ணெய் பாட்டில் முழுசும் எனக்கே.