இரண்டு கூடைகளுக்குள் அடங்காத பெயர்கள்

சேலம், நாமக்கல் சமவெளியின் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் ஒரு பெயரடைவு தயாரிக்க முனைந்தோம். நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் பிஎச்பி மொழியில் நான்கே வரிகளில் வேலையை முடித்துத் தந்தார். அந்தப் பட்டியலில் முதற்பெயர் 'நாமக்கல்', குடும்பப்பெயர் 'கவிஞர்' என்று ஒருவர் இருந்தார். முதலில் சிரித்தோம். பிறகுதான் கோபம் வந்தது.

நடந்தது இதுதான். அம்மொழியில் 'எக்ஸ்ப்ளோட்' என்பது ஒரு தொடரை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டித் துண்டுகளை ஓர் அணியாக அடுக்கும். 'லிஸ்ட்' என்பது அவ்வணியின் உறுப்புகளை வரிசைப்படி தனித்தனி மாறிகளில் இறக்கிவைக்கும். முதல் உறுப்பு முதல் மாறிக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு. சந்தையில் மூட்டையைப் பிரித்துக் கூடைகளில் போடும் வேலைதான். கூடைகள் இரண்டே என்று மூட்டையைப் பார்க்குமுன்பே முடிவுசெய்துவிட்டதில்தான் வந்தது வினை.

மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் பெயர் ஐந்து துண்டுகளானது. முதலிரண்டு கூடைக்குப் போக, மீதி மூன்றும் தரையில் விழுந்தன. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி. ஆர். சுந்தரத்தின் கதி இன்னும் மோசம். 'டி.' என்ற திருச்செங்கோடு முதல் கூடையில், 'ஆர்.' என்ற தந்தை இராமலிங்கம் இரண்டாவதில். ஊர் மிஞ்சியது, தகப்பனார் மிஞ்சினார், படமெடுத்த சுந்தரத்தைக் காணவில்லை. தந்தை பெயரையும் தன் பெயரையும் இடைவெளியின்றி எழுதும் பெருமாள்முருகனோ ஒரே துண்டாக நின்றார். இரண்டாவது கூடை காலியாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உறுப்பு குறைந்தால் மொழி எச்சரிக்கிறது. மிகுந்தால் வாய் திறப்பதில்லை. பெருமாள்முருகனுக்காக ஓர் எச்சரிக்கை வந்தது. சுந்தரம் தொலைந்ததை யாரும் சொல்லவில்லை. காலிப் பெட்டியைக் கண்டு பதறுகிறவர்கள், வெளியே தள்ளப்பட்ட மனிதரைக் கண்டு பதறுவதில்லை.

கருவி நடுநிலையானது என்கிறார் நண்பர். ஒப்புக்கொள்கிறோம். ஐந்து மாறிகள் கேட்டால் ஐந்திலும் அது இறக்கிவைக்கும். 2016இல் வந்த 7.1ஆம் பதிப்பிலிருந்து, இடத்தை எண்ணாமல் 'ஊர்', 'தந்தை', 'இயற்பெயர்' என்று சாவி சொல்லியே உறுப்புகளைப் பிரித்தெடுக்கலாம். ஆகவே நம் சண்டை மொழியோடு அல்ல. மனிதப் பெயர் என்றால் இரண்டு துண்டு, பின்னது குடும்பப்பெயர் என்று உலகம் முழுவதற்கும் விதி வகுத்துக்கொண்ட மனப்பான்மையோடுதான். ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்கும் குடும்பப்பெயர் கிடையாது. தொலைபேசி அடைவையே அவர்கள் இயற்பெயர்வழி அடுக்கினார்கள். அந்தத் துணிச்சல் நமக்கு ஏன் இல்லை?

'படிவத்துக்கு ஏற்பப் பெயரை எழுதிவிட்டுப் போங்களேன்' என்பது அடுத்த அறிவுரை. இதைத்தான் நாம் அறவே மறுக்கிறோம். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தைத் துறப்பதென்று தீர்மானித்தார்கள். இன்று நம்மில் பலர் தலைப்பெழுத்தோடு நின்றுவிடுவது அந்த வழியில் வந்த வழக்கம். 'குடும்பப்பெயர் கட்டாயம்' என்று சிவப்பு நட்சத்திரமிட்ட பெட்டி, நம் முன்னோர் கழற்றி எறிந்ததை மீண்டும் எடுத்துவரச் சொல்கிறது. கழற்றாமல் வாழ்ந்தவர்களின் பெயரையோ தன் வசதிக்கு வெட்டிவிடுகிறது. சேர்ப்பதற்கும் வெட்டுவதற்கும் அதற்கு உரிமை தந்தது யார்?

இது நிரலாளர் விவகாரம் என்று இலக்கியவாதிகள் ஒதுங்க முடியாது. சிற்றிதழ்களின் பழைய இதழ்களை மின்னடைவாக்கும் பணியில் இப்போது பலர் இறங்கியிருக்கிறார்கள். அங்கே தவறிய பெயரைத் தேடி வருபவன், அப்படியொருவர் எழுதவே இல்லை என்று எண்ணித் திரும்பிப் போவான்.

அவர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பெயரை ஆசிரியர் எழுதியபடியே முழுதாக ஒரே மாறியில் வையுங்கள். அகரவரிசைக்கான சொல் எதுவென்று தனியே கேட்டு வாங்குங்கள். பிரித்தே தீரவேண்டுமென்றால், பிரிக்குமுன் உறுப்புகளை எண்ணுங்கள். நம் அடைவை இப்படித்தான் மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம். இம்முறை நான்கு வரியில் முடியவில்லை; ஆனால் சுந்தரம் திரும்பி வந்துவிட்டார்.