மகனை ஓடவிடாத தந்தை

இந்தியா கண்ட மாபெரும் ஓட்டக்காரர் தன் மகன் விளையாட்டு வீரனாவதை விரும்பவில்லை. மில்கா சிங் இதை ஒளித்ததும் இல்லை. பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பையன் படிக்கட்டும், கௌரவமான வேலையில் உட்காரட்டும். எந்த நடுத்தரக் குடும்பத்து அப்பாவுக்கும் இருக்கும் ஆசைதான். ஆனால் ஓட்டத்தை இத்தனை வெறியோடு நேசித்த ஒருவர், அதைத் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்த நினைத்தார் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

அவர் முதன்முதலில் ஓடியது பதக்கத்துக்காக அல்ல, உயிருக்காக. 1947 பிரிவினைக் கலவரத்தில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் கோவிந்தபுரா கிராமத்தில், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களில் சிலரும் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். ‘ஓடு மில்கா’ என்று அப்பா கத்தியதுதான் கடைசியாகக் கேட்ட குரல் என்பார். தப்பி வந்த பையன் டெல்லி புராணா கிலா அகதி முகாமில் கிடந்தான். டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியதற்காகத் திகார் சிறை. அக்கா நகையை விற்று மீட்டார். ராணுவம் மூன்று முறை திருப்பி அனுப்பியது. நான்காவது முறை, 1951இல், சேர்த்துக்கொண்டது.

செகந்திராபாதில் புதிய சிப்பாய்களுக்கு ஆறு மைல் ஓட்டம் கட்டாயம். அதில் மில்கா ஆறாவதாக வந்தார். தடகளப் பயிற்சிக்குத் தேர்வானவர்களுக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் பால் உண்டு. அந்தப் பாலுக்காகத்தான் ஓட ஆரம்பித்ததாக அவரே சொன்னதுண்டு. 400 மீட்டர் என்றால் மைதானத்தை ஒரே ஒரு சுற்று என்பதுகூட அப்போதுதான் தெரிந்ததாம்.

பிறகு நடந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த கதை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் 440 கஜத்தில் தங்கம். 1962 ஜகார்த்தாவில் மேலும் இரண்டு. நடுவே, 1960இல், லாகூரில் ஓட அழைப்பு வந்தது. பெற்றோரைப் பலிகொண்ட மண்ணுக்குப் போக மாட்டேன் என்றவரைச் சமாதானப்படுத்தி அனுப்பியவர் நேரு. அங்கே பாகிஸ்தானின் அப்துல் காலிக்கைத் தோற்கடித்தார். ‘பறக்கும் சீக்கியர்’ என்ற பட்டம் அயூப் கான் வாயிலிருந்து வந்தது.

அதே ஆண்டுதான் ரோம் ஒலிம்பிக். 400 மீட்டர் இறுதிப் போட்டியில் நான்காவது இடம். மூன்றாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5 விநாடி, மில்கா 45.6. கார்டிஃப்பில் மில்காவிடம் தோற்ற அதே ஸ்பென்ஸ். 250 மீட்டரில் வேகத்தைக் குறைத்தது தன் தவறு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் மறக்க முடியாதவை இரண்டு என்பார்: ஒன்று பெற்றோர் கொலையுண்டது, மற்றது ரோம். கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும் ஒப்பீடு. பயிற்சியில் ரத்த வாந்தி எடுத்தும் மயங்கி விழுந்தும் ஓடிய ஒருவருக்கு அந்தப் பத்தில் ஒரு விநாடி சாவுக்குச் சமமாகத்தான் பட்டிருக்க வேண்டும். அந்த வலியைப் பிள்ளைக்கு எழுதிவைக்க எந்தத் தகப்பன் துணிவான்?

அவர் கரம்பிடித்த நிர்மல் கௌரும் விளையாட்டு வீராங்கனைதான். இந்திய மகளிர் வாலிபால் அணியின் கேப்டன். பின்னாளில் பஞ்சாப் அரசின் மகளிர் விளையாட்டு இயக்குநர். 1955இல் கொழும்பில் சந்தித்தார்கள். கையில் காகிதம் இல்லாததால் நிர்மலின் உள்ளங்கையிலேயே தன் ஓட்டல் எண்ணை எழுதினாராம் மில்கா. பெண் இந்து, மாப்பிள்ளை சீக்கியர். பெண் வீட்டில் எதிர்ப்பு. பஞ்சாப் முதல்வர் பிரதாப் சிங் கெய்ரோனே தலையிட்டுப் பேசி முடித்துவைத்தார். (முதல்வர்கள் கல்யாணத் தரகு பார்த்த காலம்!) அரை நூற்றாண்டைத் தாண்டிய தாம்பத்தியம். மூன்று மகள்கள், ஒரு மகன். கார்கில் போரில் இறந்த ஒரு ஹவில்தாரின் ஏழு வயது மகனையும் 1999இல் தத்தெடுத்துக்கொண்டார்கள்.

மகன் ஜீவ் அப்பாவின் சொல்லைப் பாதிதான் கேட்டார். தடகளத்தின் பக்கம் போகவில்லை. கோல்ஃப் மட்டையை எடுத்தார். 1998இல் ஐரோப்பியச் சுற்றில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். 2006இலும் 2008இலும் ஆசியச் சுற்றின் தரவரிசையில் முதலிடம். அப்பாவுக்கு 1959இல் பத்மஸ்ரீ, மகனுக்கு 2007இல். விரும்பாத தந்தை பெருமைப்படாமலா இருந்திருப்பார்? மகள் சோனியாவோ அப்பாவோடு சேர்ந்து அவருடைய சுயசரிதையை எழுதினார். அது வெளியான 2013லேயே அவர் வாழ்க்கை இந்திப் படமாகவும் வந்தது. உரிமைக்காக அவர் வாங்கியது ஒரு ரூபாய். 2001இல் அர்ஜுனா விருது வந்தபோது காலம் கடந்துவிட்டது என்று மறுத்தவருக்கு, ஒரு ரூபாய் போதுமானதாக இருந்தது!

2021 மே மாதம் கொரோனா அந்த வீட்டுக்குள் நுழைந்தது. கணவன், மனைவி இருவருமே மருத்துவமனையில். ஜூன் 13இல் நிர்மல் இறந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த மில்காவால் மனைவியின் தகனத்துக்குப் போக முடியவில்லை. ஐந்தாம் நாள், ஜூன் 18 இரவு, அவரும் போனார். ஆவணங்களின்படி வயது 91. ஒரே வாரத்தில் தாய்க்கும் தந்தைக்கும் கொள்ளி வைக்க வேண்டிய நிலை பிள்ளைகளுக்கு.

தடகளத்தில் ஓர் இந்தியர் ஒலிம்பிக் தங்கம் வெல்வதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மேடைதோறும் சொல்லிவந்தவர் மில்கா. அவர் இறந்து 50 நாள் கழித்து, ஆகஸ்ட் 7இல், டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து அந்தத் தங்கத்தை வாங்கினார். 1958இல் மில்கா இரட்டைத் தங்கம் வென்ற அதே நகரம். பதக்கத்தை மில்காவுக்குச் சமர்ப்பிப்பதாக நீரஜ் அறிவித்தார். அப்பா எத்தனையோ வருஷம் காத்திருந்தது இதற்காகத்தான் என்று அன்றைக்கு ட்விட்டரில் எழுதினார் ஜீவ், அழுதுகொண்டே எழுதுவதாகவும் சேர்த்து.