பானையை வைத்து மக்களை அளக்கலாமா?

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் மண்பாண்டம் வனைந்ததே இல்லை என்பது தொல்லியலில் நெடுங்காலம் நிலைத்திருந்த கருத்து. 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தகர்த்துவிட்டது. குயின்ஸ்லாந்துக் கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பெரும் பவளத்திட்டுப் பகுதியில் இருக்கிறது லிசர்ட் தீவு. டிங்கால், நுருமுங்கு சமூகத்தார் அதை ஜீகுரு என்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஷான் உல்ம், இயன் மெக்நிவன் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் அங்கே ஒரு கிளிஞ்சல் மேட்டை 2.4 மீட்டர் ஆழம் வரை அகழ்ந்தார்கள். மேலிருந்து ஒரு மீட்டருக்குள்ளாகவே 82 பானை ஓடுகள் கிடைத்தன. கரிமக் காலக்கணிப்பின்படி அவை 2,950 முதல் 1,815 ஆண்டுகள் வரை பழமையானவை. 'அவர்களுக்கும் பானை செய்யத் தெரிந்திருக்கிறது' என்று இதைக் கொண்டாடத் தோன்றும். மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் பானை வனைந்தவர்கள் மேலானவர்கள், வனையாதவர்கள் பின்தங்கியவர்கள் என்ற பழைய அளவுகோல் அந்தக் கொண்டாட்டத்திலும் அப்படியே இருக்கிறது. தூக்கி எறிய வேண்டியது அந்த அளவுகோலைத்தான்.

ஓடுகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலானவை கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் மெல்லிய சில்லுகள். மிகச் சிலவற்றில் கீறல் கோடுகளும் நிறப்பூச்சின் தடயமும் உண்டு. கலம் முழுதாக எப்படி இருந்தது என்று இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. ஆனால் எங்கே வனைந்தார்கள் என்பதை மண்ணே சொல்கிறது. காயும்போது வெடிக்காமலும் தீயில் பிளக்காமலும் இருக்கக் களிமண்ணில் மணல் சேர்த்துப் பிசைவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த மணல் எந்த வகைப் பாறையிலிருந்து உதிர்ந்தது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து அறியலாம். ஜீகுரு ஓடுகளில் உள்ள மண்ணும் மணலும் அந்தத் தீவின் நிலவியலோடு பொருந்துகின்றன. ஆகவே, கப்பலோடு வந்து கரையில் உடைந்த பண்டம் என்று இவற்றை ஒதுக்குவது கடினம்.

தீவின் மண்ணை எடுத்து வனைந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பசிபிக் தீவுகளில் பரவிய லாப்பிட்டா மரபுப் பானைகள் ஏறத்தாழ 2,900 ஆண்டுகளுக்கு முன் பப்புவா நியூகினியின் தென்கரையில், காஷன் விரிகுடாவில் இருந்தன. டோரஸ் நீரிணையின் புலு தீவிலும் சுமார் 2,500 ஆண்டுப் பழமையான ஓடுகள் கிடைத்திருக்கின்றன. காலமும் இடமும் இவ்வளவு நெருங்கி வரும்போது, இந்தக் கைவினை வடக்கிலிருந்து கடல் வழியாக வந்தது என்று கொள்வதே பொருத்தம். ஆனால் அதே கிளிஞ்சல் மேட்டின் அடி அடுக்குகள், பானை வருவதற்கு ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கு மக்கள் மீனும் சிப்பியும் உண்டு புழங்கியதைக் காட்டுகின்றன. ஆளில்லாத் தீவில் அந்நியர் வந்து சூளை வைத்த கதையல்ல இது. கடலோடிப் பழகிய ஒரு சமூகம் அக்கரை மக்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததன் தடயம். முதல் பானையை வனைந்தவர் வடக்கிலிருந்து மணமுடித்து வந்தவராகக்கூட இருக்கலாம். அதனால் அந்தத் தொழில் ஜீகுருவுக்கு அந்நியமாகிவிடாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஜீகுருவில் பானை ஓடுகள் ஒரு கட்டத்தோடு நின்றுவிடுகின்றன; நல்ல தொழில் என்றால் ஏன் கைவிட்டார்கள், இது வீழ்ச்சியில்லையா என்பது. இதற்குப் பொலினீசியா பதில் சொல்கிறது. டோங்காவிலும் சமோவாவிலும் சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள் லாப்பிட்டா மரபில் பானை வனைந்தார்கள். காலப்போக்கில் அலங்காரம் குறைந்தது. பிறகு வனைவதே நின்றுபோனது. குழி தோண்டி, சுட்ட கற்களை இட்டுச் சமைத்தார்கள். மரக்கிண்ணமும் தேங்காய்ச் சிரட்டையும் கலங்களாயின. பானையை விட்ட அந்த மக்களின் வழித்தோன்றல்கள்தாம் ஹவாய்க்கும் ஈஸ்டர் தீவுக்கும் நியூசிலாந்துக்கும் கடல் கடந்து போனார்கள். மனிதர் செய்த மாபெரும் கடற்பயணங்களில் சில, பானையில்லாதவர்கள் செய்தவை. ஒரு தொழிலை விடுவதற்கு அறிவு மங்கியிருக்க வேண்டியதில்லை. சமையல் முறையோ உறவுகளோ மாறினாலே போதும்.

82 சில்லுகளை வைத்து இவ்வளவு பேசலாமா என்றும் சிலர் தயங்கக்கூடும். எண்ணிக்கை சிறிது என்பது உண்மைதான். ஆனால் தோண்டிய குழியும் சிறிது. அத்தனை சிறிய குழியிலேயே இது கிடைத்தது என்றால், எங்குமே இல்லை என்று இதுவரை சொன்னது எத்தனை குழிகளைப் பார்த்துவிட்டு என்பதுதான் கேள்வி. கண்முன் இருந்ததையே காணத் தவறியதும் உண்டு. 1770 ஆகஸ்ட்டில் பவளத்திட்டுக்கு வெளியே போக வழி தேடி ஜேம்ஸ் குக் இந்தத் தீவின் குன்றில் ஏறினார். உடன் வந்த ஜோசப் பேங்க்ஸ், குடிசைச் சட்டகங்களையும் பெரும் சிப்பிக் குவியல்களையும் கண்டு குறித்து வைத்தார். பூர்வகுடி மக்களின் எளிய படகுகள் இவ்வளவு தொலைவு வந்திருப்பதால், ஆண்டில் சில காலமாவது கடல் அமைதியாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். படகோட்டியின் திறமை அவர் கண்ணில் படவில்லை. பெரும் பவளத்திட்டை ஒட்டி நூற்றுக்கணக்கான தீவுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் நிலத்துக்குரிய சமூகங்களின் ஒப்புதலோடும் பங்கேற்போடும் அகழாய்வு நடக்க வேண்டும். பானை கிடைக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், எந்தப் பருவத்தில் கடல் கடந்தார்கள், யாரோடு எதை மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் அந்த அகழாய்வுகள் தேட வேண்டும்.