செக்ரோலில் அவள் பெயர் எங்கே?

சில மாதங்களுக்கு முன், விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு நம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கீழ் லயத்துப் பால்மரத் தொழிலாளி ஒருவர், நெற்றியில் கட்டிய விளக்கைக்கூட அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். "கிராணியாரே, வீட்டிலே வலி கண்டிருச்சுங்க. தண்ணிக்குடமும் உடைஞ்சிருச்சு. லோரி பழுதாம்" என்றார். நம்முடைய காருக்கு வயது இருபதுக்கு மேல். அந்தச் சகோதரியைப் பின் இருக்கையில் மாமியார் மடியில் சாய்த்து, செம்மண் பாதையில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனோம். அரசாங்க ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பெண் பல்லைக் கடித்தாளே தவிர ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டவர் கணவர்தான்.

வலி பகல் முழுதும் நீடித்தது. மாலை ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறகு அந்தச் சகோதரி நம் துணைவியாரிடம் சொன்னாளாம்: "அதுக்கு முந்தின நாள் நானூறு மரம் வெட்டினேங்க கிராணியம்மா. நிரையிலே குனிஞ்சு நிமிர்ந்த வலி எது, புள்ள வலி எதுன்னு எனக்கே தெரியல. மங்கு எடுக்கக் குனிஞ்சப்போதான் கீழ் வயிறு இறுக்குச்சு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்." முதற்பிள்ளைக்குப் பதினெட்டு மணி நேரம் பட்டவள். ஆகவே இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. மிஸ்ஸி குழந்தையைத் துடைத்து மார்பில் வைத்தபோது, முதலில் விரல்களை எண்ணினாளாம், பிறகு, "பால் வாடை அடிக்குதாடி உனக்கு?" என்று குழந்தையையே கேட்டாளாம். மரப்பாலின் நாற்றம் கையை விட்டு எளிதில் போவதில்லை என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மூன்றாம் நாள் வீடு வந்தார்கள். வாசலில் வேப்பிலை. உள்ளே சேலைத்தொட்டில். மாமியார் சுக்கும் மிளகும் பூண்டும் இடித்துப் பிரசவ மருந்து கிண்டினார். பக்கத்து வீட்டுப் பாட்டி கருவாடு கொண்டுவந்தார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் வரிசையில் நின்று தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கே வந்து, குழந்தையின் கண்ணையும் தோலையும் பார்த்து மஞ்சட்காமாலை இருக்கிறதா என்று சோதித்தார். காலை வெயிலில் காட்டினால் போதும் என்றார் பாட்டி. அது போதாது, இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் மிஸ்ஸி. மிஸ்ஸி சொன்னதே நடந்தது, பாட்டிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு லயத்துக்கு ஒரு குழந்தை வந்தால் எல்லா வீட்டுக்கும் வந்தது போலத்தான். தோட்டத்து வாழ்விலே நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய சில காரியங்களில் இது ஒன்று.

பத்தாம் நாள், கணவர் ஆஸ்பத்திரிக் கடுதாசியுடன் ஆபீசுக்கு வந்தார். "பிள்ளைப்பேற்றுப் பணம் எப்பங்க வரும்?" என்றார். செக்ரோலைப் புரட்டினோம். அவருடைய பெயர் இருந்தது, நம்பர் இருந்தது, நாள் தவறாமல் பால் நிறை இருந்தது. மனைவியின் பெயர் இல்லை!

இரண்டு வருடமாக அவள் வெட்டியிருக்கிறாள். கணவர் ஒரு பக்க நிரை, இவள் மறுபக்க நிரை. நிறுவையில் இருவர் வாளியும் ஒரே நம்பரில் ஏறியது. அதை எழுதியது யார்? நாம்தான். நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, மண்டோர் கேட்கவில்லை, புருஷனும் கேட்கவில்லை. கேட்காததை எழுதவேண்டாம் என்று நாமும் இருந்துவிட்டோம். கிராணி வேலைக்குச் சங்கத்துச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிற நாமே இப்படி இருந்தால், மற்றவரைக் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

சட்டம் சொல்வது இது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி பிள்ளைப்பேற்று விடுமுறை 2022 முடியும்வரை 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள் ஆயிற்று. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்கவேண்டும். பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்துக்குள்ளும் வேலையில் இருந்திருக்கவேண்டும். அப்படியிருந்தால் விடுமுறை நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் விடுமுறை உண்டு, பணம் இல்லை. வேலையில் இருந்ததற்குச் சாட்சி எது? நாம் எழுதும் செக்ரோல். பெயர் இல்லாத பெண்ணுக்கு 98 நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை. சேமநிதி இல்லை. நிரையில் பாம்பு கடித்தாலும் சொக்சோ இல்லை. 98 நாள் சம்பளம் என்பது ஒரு குழந்தையின் முதல் மூன்று மாதச் சோறும் பாலும் துணியும் அல்லவா?

கணவர்மார் சொல்லும் பதிலும் நமக்குத் தெரியும். "பெயரைப் பதிஞ்சா முழு வெட்டுக் கொடுப்பாங்க கிராணியாரே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிட்டு வர்றவ முழு வெட்டு எப்படி வெட்டுவா?" என்கிறார்கள். இது வெறும் சாக்கு அல்ல, உண்மையான சங்கடம். அரை வெட்டுக்குப் பெயர் பதிய முடியாது என்று எந்தத் துரையாவது சொன்னால், அதைச் சங்கக் கிளையில் எழுதிக் கொடுங்கள்; நாம் பேசித் தீர்க்கலாம். ஆனால் சங்கடம் இருக்கிறது என்பதற்காக மனைவியைக் கணவனின் நம்பருக்குள் ஒளித்துவைப்பது தீர்வாகாது. மாதக் கடைசியில் கிடைக்கும் பணம் அதேதானே என்று நினைக்கிறோம். அதே அல்ல என்பது பிரசவத்தின்போதுதான் தெரிகிறது.

பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாக நடக்கிறதா? அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. கணக்கு நம் தொழில் ஆகையால் கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறோம். மாதச் சம்பளம் வாங்கும் கிராணிமார் பிள்ளை பெற்றால், மாதச் சம்பளம் குறையாமல் கிடைக்கும். எடைக்குக் கூலி வாங்கும் பால்மரப் பெண்ணுக்கு அப்படியில்லை. முந்திய சம்பள மாதத்தில் அவள் சம்பாதித்ததை, வேலை செய்த நாட்களால் வகுத்து வருவதே ஒரு நாள் சம்பளம். அந்த முந்திய மாதம் எந்த மாதம்? ஒன்பதாம் மாதம்! குழந்தையோடு கூடுதல் நாள் இருக்கவேண்டும் என்பதற்காகக் கடைசி வாரம் வரையில் நிரைக்குப் போகிறாள். வயிறு பெருத்தவள் எத்தனை மரம் வெட்டுவாள்? ஒரு பேச்சுக்குச் சொல்வோம்: வழக்கமாக நாளுக்கு 80 வெள்ளி எடுப்பவள் அந்த மாதம் 68 வெள்ளி எடுத்தாள் என்றால், நாளுக்கு 12 வெள்ளி நட்டம். 98 நாளுக்கு 1,176 வெள்ளி. 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இதற்குக் கீழே போகாமல் தாங்கும், அவ்வளவுதான். அவள் உடல் கனத்ததற்கு அவளே அபராதம் கட்டுவது போல் இருக்கிறது.

சட்டம் குறிக்கும் அளவுக்கு மேலே கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சங்கமும் மாப்பாவும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், பிரசவத்துக்கு முந்திய ஆறு மாதத்தில் நல்ல மூன்று மாதங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு வாசகம் சேர்க்கவேண்டும் என்பது நம் கருத்து. செலவு எத்தனை தோட்டத்தில் எத்தனை பேருக்கு வரும் என்பதை நிர்வாகங்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தோட்டங்களில் இப்போது பிள்ளைபெறும் வயதுப் பெண் தொழிலாளர் எத்தனை பேர் மீதி இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

தகப்பன்மாருக்கு 2023 முதல் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை. பன்னிரண்டு மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும். பிரசவத்துக்கு 30 நாள் முன்னதாகச் சொல்லவேண்டும், முடியாவிட்டால் பிறந்தவுடன் சொல்லவேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு, 'ஆப்செண்ட்' விழுந்த பிறகு ஆபீசுக்கு வருகிறவர்களே அதிகம். அந்த ஏழு நாளையும் கள்ளுக்கடையில் கழிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். கோபிக்கவேண்டாம்.

பக்கத்து லயத்து இந்தோனேசியச் சகோதரிகளுக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் பெர்மிட்டே போய்விடுகிறது. அதைத் தனியே எழுதவேண்டும்.

அந்தச் சகோதரிக்குப் போன பணம் போனதுதான். இரண்டு வருட நிறுவையில் எது யார் வாளி என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து அவள் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த அன்று, தனி வரியில் அவள் பெயரை, அடையாளக் கார்டு எண்ணோடு எழுதினோம். கணவர் கொஞ்சம் முகம் சுளித்தார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, எழுதிய இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையில் படித்தவள். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைச் சுட்டிக்காட்டினாள். திருத்தினோம்.

அதே பக்கத்தில் இன்னும் சில நம்பர்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் ஒரே காலையில் வெட்டவே முடியாத மரக்கணக்கு அவற்றுக்கு எதிரே விழுந்திருக்கிறது. அந்த வீடுகளில் இரண்டு பெண்கள் இப்போது கர்ப்பிணிகள். அடுத்த பெரட்டில் அந்தக் கணவர்மாரைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறோம். மற்றத் தோட்டத்துக் கிராணி நண்பர்களும் தங்கள் செக்ரோலை ஒரு முறை புரட்டிப் பார்த்து, எத்தனை பேர் என்று கிளைக்கு எழுதினால் நல்லது.